பிளான்ட்நெட் ஆப்: பெயர் தெரியாத பழத்துக்குப் பெயர் கிடைத்தது

தெரிந்தவர் ஒருவர் தன் தோட்டத்தில் பறித்த மூன்று மஞ்சள் பழங்களைக் கொடுத்தார். வழவழப்பான தோல், நுனியில் சின்னக் கூர். அவர் வீட்டில் பல வருஷமாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. ருசி பார்த்ததுமே இதை வளர்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது, பெயர் தெரியாமல் எப்படி வளர்ப்பது?

அப்போதுதான் படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் பிளான்ட்நெட் ஆப்பை இறக்கினேன். பிரான்ஸின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய திட்டம், இலவசம். படம் போட்டதும் அது இலையா, பூவா, பழமா, பட்டையா என்று கேட்கும். அப்புறம் பொருந்தக்கூடிய செடிகளை எத்தனை சதவீதம் பொருத்தம் என்ற கணக்கோடு வரிசையாகக் காட்டும்.

நான் முதலில் முழுப் பழத்தின் படத்தை மட்டும் போட்டேன். அபியு, முட்டைப்பழம் இரண்டுமே வந்தன. இரண்டும் ஒரே பேரினம், வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், என் ஒற்றைப் படத்தை வைத்து வேறு என்ன சொல்ல முடியும்! மறுநாள் மரத்தடிக்கே போய் இலையின் இரண்டு பக்கமும் எடுத்து, பழத்தையும் குறுக்கே வெட்டிப் படம் எடுத்தேன். வெட்டியதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. முட்டைப்பழத்தின் சதை அவித்த மஞ்சள் கருபோல மாவாக இருக்கும், இதுவோ வெள்ளையாக, பாதி கண்ணாடிபோல, ஜெல்லி மாதிரி குழைவாக இருந்தது. தோலை ஒட்டிய பால் உதட்டில் பட்டால் பசையாகப் பிடித்துக்கொள்கிறது, அதனால் ஸ்பூனால் தோண்டிச் சாப்பிடுவதுதான் சரி. அபியுவேதான். அமேசான் பகுதியைச் சேர்ந்தது, சப்போட்டா குடும்பம். விதையைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும்: பளபளக்கும் பழுப்பு, ஒரு பக்கம் நீளமாக வெளிறிய தழும்பு.

பெயர் தெரிந்ததால் விதைகள் பிழைத்தன. அபியு விதை காய்ந்தால் முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடுமாம். நானோ அதைக் காகிதத்தில் மடித்து வைக்க இருந்தேன்! அன்றைக்கே கழுவி, நீர் தேங்காத மண்ணில் ஊன்றினேன்.

ஆப் இனத்தைத்தான் சொல்லும், அதிலே எந்த ரகம் என்று சொல்லாது. ஒட்டுக்கன்று வாங்குபவர்களுக்கு இது போதாது. இன்னொன்று, எவ்வளவு சதவீதம் காட்டினாலும் அதை மட்டும் நம்பித் தெரியாத பழத்தை வாயில் வைக்கவே வைக்காதீர்கள். ஆக்கி என்றொரு வெப்பமண்டலப் பழம், மரத்தில் தானாக வெடித்துத் திறக்கும்முன் விஷம், படத்தில் அதெல்லாம் தெரியாது. மரம் வளர்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊன்றிய நான்கில் மூன்று முளைத்து, இப்போது ஒரு சாண் உயரம் இருக்கின்றன. விதைக்கன்றே மூன்று வருஷ அளவில் காய்க்கத் தொடங்கும் என்கிறார்கள். பூத்ததும் முதல் பூவைப் படம் எடுத்து பிளான்ட்நெட்டிலேயே ஏற்றப்போகிறேன்.