பழைய டிராக்டர்: நாலைந்து பூ (பயிர்ப் பருவம்) ஓட்டிய அனுபவம்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறேன், எதைப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரோட்டாவேட்டரை (பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) மாட்டி, வண்டி நன்றாகச் சூடேறும்வரை வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் விலையே பேச வேண்டாம்.

என் வண்டி மூன்று சிலிண்டர், 42 எச்பி. கம்பெனி பெயர் வேண்டாம். வந்த கோளாறெல்லாம் முந்தைய கைகளில் வந்தவை, கம்பெனி மேல் பழியில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம், எங்களுக்கு நெல்தான். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தொளி உழவு (தண்ணீர் கட்டி வயலைச் சேறாக்கும் உழவு) வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிக்கு உழவன் ஆப்பில் பதிந்து வைக்கலாம், ஆனால் அந்த நெருக்கடியில் நம் முறை எப்போது வருமோ. அதனால்தான் சொந்த வண்டி.

பதிவு டிஎன் 69, தூத்துக்குடி மாவட்டம். "கரிசக்காட்டு வண்டி அண்ணாச்சி, சேறே கண்டதில்ல" என்றார் தரகர். எங்கள் பக்கம் அந்த ஒரு சொல்லுக்கே விலை கூடும். என்ஜின் குறை சொல்ல முடியாதது. ஆறிக் கிடந்த வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரிலிருந்து கசிந்து வரும் காற்றும் புகையும்) இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. கியர் ஆயில் புதிதாக மாற்றியிருந்தார்கள், பின்னால் கருவியைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் சட்டென்று தூக்கியது. 2.75 லட்சத்துக்கு முடிந்தது.

பிசான நெல் பருவத்துக்குத் தொளி அடிக்க இறக்கினோம். முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வரப்போரம் திருப்புவதற்காகத் தூக்கினால், ரோட்டாவேட்டர் பாதி உயரத்தில் நின்று தலையாட்ட ஆரம்பித்தது. கொஞ்சம் இறங்கும், தானாக ஏறும், மறுபடி இறங்கும். என்ஜினை அணைத்தால் அப்படியே சேற்றில் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் தூக்கும்! லிஃப்ட் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருந்தால் இதுதான் நடக்கும். ஆறின எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கசிவு தெரியாது, சூட்டில் இளகிய பிறகு நழுவிக்கொண்டே இருக்கும். விற்கும் முன் புது எண்ணெய் ஊற்றிய காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என் வண்டியில் கியர் பெட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய். மெக்கானிக் அடியில் டிரெயின் நட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது. பின்னாலேயே மோர் மாதிரி வெளுத்த எண்ணெய். ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பிடிஓ சாஃப்டைத் துடைத்துக் காட்டினார். வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றிச் சுற்றி ஆயில் சீலின் உதட்டையே அறுத்திருந்தன, தொளித் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அதோடு விடவில்லை அவர். பின்சக்கர ரிம்மின் உள்விளிம்பில் புதுப் பெயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். அடியில் வரிசையாக, இரும்பு இரும்போடு உரசிய தழும்பு. "பாத்தியளா அண்ணாச்சி, கேஜ் வீல் போட்டு நல்லா அடிச்சிருக்காவ. இதுவா சேறு காணாத வண்டி?" கேஜ் வீல் என்றால் சேற்றில் ஓட்டப் பின்சக்கரத்தோடு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்.

ஹைட்ராலிக் பம்ப், சீல்கள், பின் அச்சு சீல், முப்பது லிட்டருக்கு மேல் எண்ணெய், அதுவும் கழுவி ஊற்ற ஒரு தடவை, நிரப்ப ஒரு தடவை என்று 28,000 ரூபாய். அடுத்த கார் நெல் பருவத்தில் கிளட்ச். தட்டின் விலை பெரிதில்லை, வண்டியை இரண்டாகப் பிளந்தால்தான் கிளட்சைத் தொட முடியும் என்பதால் கூலிதான் கடிக்கிறது. ஓடிய மணிக்கணக்கைச் சொல்லும் ஹவர் மீட்டர் காட்டிய எண்ணுக்கும் இந்தத் தேய்மானத்துக்கும் சம்பந்தமே இல்லை. மீட்டரை மாற்றுவது எளிது. லிஃப்ட் கைகளில் கருவியைக் கோக்கும் இரும்பு முளை மாட்டும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அதை யாரும் பெயிண்ட் அடித்து மறைக்க முடியாது.

ஆர்சி புத்தகத்தில் பழைய ஃபைனான்ஸ் அடமானம் நீக்கப்படாமல் கிடந்தது. கடனை எப்போதோ கட்டி முடித்திருந்தார்கள். ஃபைனான்ஸ்காரர் தடையில்லாச் சான்று தந்து, படிவம் 35 போட்டு அடமானத்தை நீக்கிய பிறகுதான் 29, 30 படிவங்களோடு என் பெயருக்கு மாறியது. இழுத்தடித்தார்கள், வேலை முடிந்தது.

விற்றுவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனமில்லை. செலவையெல்லாம் சேர்த்தாலும் இந்த என்ஜினுக்கு அது சரியான விலைதான். வாங்கும்போது சொன்ன விலைதான் பொய். லிஃப்ட் இப்போது வெயிலிலும் நிற்கிறது, அறுப்பு முடிந்தால் டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றி ஓட்டுகிறேன், டீசலும் அளவாகத்தான் குடிக்கிறது. தொளி நாட்களில் சாயங்காலம் பிடிஓ சாஃப்டில் சுற்றியதையெல்லாம் அறுத்துவிடுவேன். ஓர் இரவு நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிரெயின் நட்டை லேசாகத் தளர்த்திப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்கும், முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். முன் அச்சில், சக்கரம் திரும்புவதற்கான முளையான கிங் பின் ஆட்டம் கண்டிருக்கிறது. அந்த வேலையைக் கோடையில் பார்க்க வேண்டும்.