தண்டால் பஸ்கியா, பார்பெல்லா? குத்துச்சண்டைக்கு என் தேர்வு

குத்துச்சண்டை பழகும் பையன் வலு கூட்ட என்ன செய்யலாம் என்று கேட்டால், நம் ஊரில் முதலில் வரும் பதில் தண்டாலும் பஸ்கியும்தான், அதுவும் நூற்றுக்கணக்கில். பார்பெல்லை, அதாவது இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டிய இரும்புத் தடியை, தொட்டால் உடம்பு இறுகிப்போகும், கை வேகம் போய்விடும் என்று எச்சரிப்பார்கள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் பார்பெல்லுக்கு மாறினேன். மறுபடி பழையபடி போகும் எண்ணம் இல்லை.

செலவு, இடம் இரண்டிலும் தண்டால் பஸ்கிக்குத்தான் வெற்றி. மொட்டை மாடி போதும். பார்பெல்லுக்கு ஜிம் கட்டணம் வேண்டும், தூக்கும் முறையைச் சொல்லித்தர ஆளும் வேண்டும்.

என்னை மாற்றியது மறுநாள் காலை. முந்நூறு பஸ்கி போட்ட மறுநாள் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கால் நகராது. தொடை கனத்திருக்கும், பின்வாங்க வேண்டிய இடத்தில் நின்று அடி வாங்குவோம். பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் கனமான ஸ்குவாட்டை மூன்று முறை வீதம் நான்கைந்து செட், நடுவில் மூன்று நிமிட ஓய்வோடு செய்து முடித்தால், மொத்தமே பதினைந்து தடவைதான் உட்கார்ந்து எழுகிறோம். உடம்பு பழகும் முதல் சில வாரங்கள் வலி இருக்கும். அப்புறம், இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்திக்கொண்டால், மறுநாள் கால் லேசாகவே இருக்கிறது. வலி பெரும்பாலும் எத்தனை தடவை செய்தோம் என்பதைப் பொறுத்து வருகிறது. பளு அதிகம் என்பதால் மட்டும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அமெச்சூர் போட்டி மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. அதற்கான தம் ஓட்டத்திலும் ஸ்கிப்பிங்கிலும் குத்துப்பையிலும் ஸ்பாரிங்கிலும் ஏற்கெனவே வருகிறது. நூற்றுக்கணக்கான பஸ்கி அதையேதான் திரும்பவும் தருகிறது. இவை எதுவும் தராதது, தரையை ஒரே உந்தில் தள்ளும் பலம். 1985-இல் வெளியான சோவியத் ஆய்வு ஒன்றில், தேர்ந்த வீரர்களின் குத்தில் கால் உந்துதலின் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம், புதியவர்களிடம் 16 சதவீதம்தான். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி நுட்பத்தால் வருவது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தள்ளுவதற்குக் காலில் பலம் இருந்தால்தானே நுட்பத்துக்கு வேலை.

எடை ஏறிவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில்முறைப் போட்டியில் முந்தைய நாளே எடை பார்ப்பார்கள். அமெச்சூரில் போட்டி நாள் காலையிலேயே பார்ப்பார்கள் என்பதால் உடம்பில் தண்ணீரை வற்றவைத்து எடைப்பிரிவுக்குள் நுழைந்து தப்பிப்பது கடினம். ஆனால் எடையை ஏற்றுவது சோறும் செட்களின் எண்ணிக்கையும்தான். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் எவாண்டர் ஹோலிஃபீல்ட், கனமான பிரிவான ஹெவிவெயிட்டுக்கு ஏறியபோது பளுப் பயிற்சியோடு சாப்பாட்டையும் சேர்த்தே கூட்டினார், 1990-இல் பஸ்டர் டக்ளஸை வீழ்த்தி உலகப் பட்டமும் வென்றார். அது வேண்டும் என்றே ஏற்றிய எடை. சாப்பாட்டைக் கூட்டாமல் குறைவான தடவை மட்டும் தூக்கினால் எடை பெரிதாக அசைவதில்லை. கிரியேட்டின் என்ற ஊட்டப் பொடி எடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அது தசையில் தண்ணீரைத் தேக்கும், முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ கூடலாம்.

தண்டாலை நான் அடியோடு விடவில்லை. குத்தின் முடிவில் தோள்பட்டை எலும்பை முன்னே தள்ளும் தசைக்கு அது நல்லது, உடம்பைச் சூடேற்றவும் வைத்திருக்கிறேன். ஒரு புல்அப் கூட எடுக்க வராதவர், பஸ்கியில் முதுகு வளைகிறவர், உடல் எடைப் பயிற்சியில் சில மாதம் இருந்துவிட்டு வருவதே சரி. பத்து, பன்னிரண்டு ரவுண்டு ஆடும் தொழில்முறை வீரர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. அவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பதின்ம வயதுப் பையன்களுக்கு, பக்கத்தில் நின்று பார்க்க மாஸ்டர் இல்லையென்றால் கனமான பார்பெல் வேண்டாம் என்பேன்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். ஸ்பாரிங் உள்ள நாளில் மாலையில், ஸ்பாரிங் முடிந்த பிறகு தூக்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். போட்டிக்கு முந்தைய வாரம் செட்களைப் பாதியாக்கி, கடைசி நான்கு நாள் பார்பெல்லைத் தொடாமல் விடுங்கள்.