ஸ்டியரிங்கில் எரிந்த மஞ்சள் விளக்கு: எட்டு வருஷம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்

கீழக்கரை மச்சான் போன வாரம் போன் பண்ணினார். செகண்ட் ஹேண்டில் ரெண்டு கார் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், இன்னொன்றில் என் வண்டி மாதிரியே எலெக்ட்ரிக். "நம்ம ஊரு உப்புக்காத்துக்கு எது மாப்ள தாங்கும்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தேன், கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அதனால் நிதானமாக எழுதியே விடுகிறேன். வேறு யாருக்காவது உதவும்.

எனக்கு மருந்து மொத்த வியாபாரம், ராமநாதபுரத்தில் இருந்து. ஒரு நாள் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். மறுநாள் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. இன்னொரு நாள் தேவிபட்டினம், தொண்டி. 2017-ல் வாங்கிய பெட்ரோல் வண்டி, இப்போது மீட்டரில் 1,52,000. மைலேஜ், ஏ.சி. பற்றியெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அது நிறைய இருக்கிறது. கீழக்கரைத் தெருக்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், சில முக்குகளில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று மூன்று தடவை ஒடித்தால்தான் வண்டி உள்ளே போகும். பின் சீட் முழுக்க மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது இடத்தில் இப்படி ஒடித்திருக்கிறேன். சாயங்காலம் கை வலித்ததே இல்லை.

இதைவிடப் பெரிய சாட்சி எங்க ராத்தா, அதாவது அக்கா. சுகர் வந்த பிறகு அவங்களுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போனது. தலை சீவக் கையைத் தூக்க முடியாது. கார் ஓட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாள் என் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். இடது உள்ளங்கையை மட்டும் ஸ்டியரிங் மேல் வைத்து, மாவு தேய்ப்பது போல லேசாகத் தேய்த்தே முக்கைத் திருப்பினார்கள். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து கூட்டி வருவது அவங்கதான், நான் வண்டியோடு கீழக்கரையில் இருக்கும் நாட்களில்.

இந்த எலெக்ட்ரிக் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பின்னால் நான் படும் கோபம் புரியும். ஸ்டியரிங் தண்டுக்கு நடுவில் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிற ஒரு கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று ஒரு சென்சார் அளக்கும். வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி, திருப்ப உதவும் மோட்டாருக்கு இவ்வளவு தள்ளு என்று உத்தரவு கொடுக்கும். நிற்கும்போது நிறையத் தள்ளும், வேகம் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும். திருப்பாதபோது சும்மா இருக்கும். ஹைட்ராலிக்கில் பெல்ட் வழியாக எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நேர் ரோட்டிலும் அதற்குப் பெட்ரோல் போகும். எலெக்ட்ரிக்கில் அந்தச் செலவு இல்லை.

சின்னக் குறை ஒன்று உண்டு. பாம்பன் பாலத்தில் வாடைக்காற்றோ சோழகமோ குறுக்கே அடிக்கும்போது என் பழைய வண்டியில் காற்றின் தள்ளல் முதலில் கையில் தெரியும், பிறகுதான் வண்டி விலகும். இதில் வண்டி விலகுவது கண்ணில் பட்ட பிறகுதான் கை திருத்துகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக முழுசும் நேராகாது, கடைசி அரை அங்குலம் நாம்தான் கொண்டுவர வேண்டும். பழகிவிட்டது. இதற்காக யாரும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த மஞ்சள் விளக்கு. 2023 நவம்பர், ராமேஸ்வரத்தில் ஒரு மருந்துக்கடைச் சந்து. மழை இருட்டு, ஹெட்லைட், ஏ.சி., வைப்பர் எல்லாம் ஓடுகிறது. ரிவர்ஸ் எடுத்து முழுசாக ஒடிக்கிறேன். பாதியில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. டாஷ்போர்டில் ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு. பின்னால் யாத்திரை வேன் ஹாரன் அடிக்கிறது. ரெண்டு கையாலும் தொங்கித் திருப்பி ஓரம் கட்டினேன். மோட்டார் நின்றாலும் தண்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை, அதனால் திருப்ப முடிகிறது. அந்த அளவுக்கு நன்றி. சாவியை அணைத்துப் போட்டால் விளக்கு போய்விட்டது. ரெண்டு நாள் கழித்து மறுபடி.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள். எர்ரர் கோட் வருகிறது, ஸ்டியரிங் காலம் (column) அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்றார்கள். சென்சார் மட்டும் மாற்றக் கூடாதா என்று கேட்டேன். தனியாக வராது சார், தண்டு, மோட்டார், சென்சார் எல்லாம் ஒரே செட் என்றார்கள். 41,500 ரூபாய். கொடுத்தேன். பழைய செட்டைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

பதினாலு மாசம் நிம்மதி. 2025 ஜனவரியில் மண்டபத்தில் அதே விளக்கு, அதே கல்.

இந்தத் தடவை உச்சிப்புளியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அவரிடம் ஸ்கேனர் இல்லை, ஒரு மல்டிமீட்டர்தான். பேட்டரியில் வைத்துப் பார்த்தார், 12.6 வோல்ட், நன்றாக இருக்கிறது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், மறுமுனையை பாடி இரும்பில் வைத்தார். "எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க தம்பி" என்றார். ஒடித்தேன். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் ரெண்டு வோல்ட்டுக்கு ஏறியது. ஸ்பேனர் எடுத்து, பேட்டரி மைனஸை பாடியோடு இணைக்கிற எர்த் பட்டையைக் கழற்றினார். பின்னிய செம்புப் பட்டை. பார்க்க முழுசாக இருந்தது. மடக்கியதும் பச்சைக் களிம்பு மாவாக அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. போல்ட்டுக்கு அடியில் பாடி இரும்பு செம்மண் நிறத்தில் பூத்திருந்தது.

"விளக்குக்கும் ஹாரனுக்கும் இது போதும் தம்பி. ஸ்டியரிங் குடிக்கிற கரண்டுக்கு எப்படிப் பத்தும்?"

கணக்கு இதுதான். ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு ஐந்து ஆம்பியருக்குள்தான் இழுக்கும். நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்கும்போது ஸ்டியரிங் மோட்டார் 40 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம். துருவால் வெறும் 0.05 ஓம் தடை ஏற்பட்டாலே 40 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே செத்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டிக்கு வோல்டேஜ் பத்தாமல் மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடும். விளக்கு பிரகாசமாக எரிகிறதே, ஹாரன் கேட்கிறதே என்று யாருமே எர்த்தைச் சந்தேகப்படவில்லை. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை மாட்டி, மேலே கிரீஸ் தடவினார். 450 ரூபாய். இந்த வாடைக்காற்று வரைக்கும் விளக்கு எரியவில்லை.

முதல் தடவை செட் மாற்றியபோது பேட்டரி இணைப்புகளையும் கழற்றித் துடைத்து இறுக்கியிருந்தார்கள், பில்லில் இருக்கிறது. விளக்கு அன்றைக்கு அணைந்தது அதனால்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அப்படியானால் என் பழைய செட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அந்தப் பையன்கள் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. ஸ்கேனர் சொன்னதைச் செய்தார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்தது இல்லையே. 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்தது. நம்ம பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்ததும் அதே 1988, அக்டோபர் 2. இத்தனை வருஷத்தில் பொலேரோ மாதிரி சிலதைத் தவிர புதுக் கார் எல்லாவற்றிலும் இதுதான் என்று ஆகிவிட்டது. பேட்டரி காரில் பம்பைச் சுற்ற எஞ்சினே கிடையாது, லேனை விட்டு விலகினால் தானாகத் திருப்பும் வசதிக்கும் இந்த மோட்டார்தான் வேண்டும். இன்னும் கூடிக்கொண்டேதான் போகும். இவ்வளவு விற்கிறவர்கள், கடலோர வண்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எர்த் பாயின்டைக் கழற்றிப் பார்க்கணும் என்று சர்வீஸ் அட்டையில் ஒரு வரி போடக் கூடாதா? ஹைட்ராலிக் கெட்டால் தரையில் ஆயில் சொட்டும், ராமநாதபுரத்தில் எந்த மெக்கானிக்கும் சீல் மாற்றுவார். இது கெட்டால் ஒரு விளக்கு, அப்புறம் ஒரு பெரிய பில்.

மச்சான், எட்டு வருஷத்தில் என் கையையும் ராத்தா தோளையும் காப்பாற்றியது இந்த ஸ்டியரிங்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 41,500 இன்னும் நெஞ்சில் நிற்கிறது. என்னைக் கேட்டால் ஹைட்ராலிக் வண்டியையே எடுங்க என்றுதான் சொல்வேன். பணம் கொடுக்குமுன் ராத்தாவை ரெண்டையும் அந்த முக்கில் ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்க. எலெக்ட்ரிக்தான் வேணும்னு அவங்க சொன்னா எனக்கு போன் போடுங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் மீட்டரோட வர்றேன். ஏ.சி., ஹெட்லைட் எல்லாத்தையும் போட்டு, நின்ன இடத்துலயே இந்தக் கோடி அந்தக் கோடி நாலு தடவை ஒடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் விலை பேசுவோம்.