முன் பத்திக்கு எந்த ஃபான்? மாரியும் கோடையும் பாவித்த அனுபவம்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு வீட்டுக்குப் போனால் ஆளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் இருத்துவது குறைவு. முன் பத்தியில், அதாவது வீட்டு முகப்பில் இறக்கிய திறந்த தாழ்வாரத்தில், கதிரையை இழுத்துப் போடுவார்கள். கதை, தேத்தண்ணி, பிள்ளைகளின் படிப்பு, மத்தியானக் கண்ணயர்வு எல்லாம் அங்கேதான். 2012 க்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியோடு எழும்பிய வீடுகளிலும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பலர் செய்த முதல் வேலை முன்னால் தகரத்தில் ஒரு பத்தி இறக்கியதுதான். பங்குனி, சித்திரையில் காற்று அசையாமல் நிற்கும்போது அந்தப் பத்தியில் ஃபான் இல்லாமல் இருக்க ஏலாது.

பிரச்சினை என்னவென்றால், கடைகளில் தொங்குபவை அநேகமாக எல்லாமே அறைக்குள் ஓடுவதற்கென்று செய்தவை. அவை பத்தியில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, 2018 கடைசியில் எங்கள் வட்டக்கச்சி வீட்டில் வெளிப்புறப் பாவனைக்கான ஃபான் ஒன்றைப் பூட்டினோம். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. மாடல்களின் பெயர் வருடத்துக்கு வருடம் மாறுவதால், பெயரைச் சொல்வதைவிட அதன் உடம்பையும் அது இங்கே எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் எழுதுவது வாங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் அங்கே இருந்தது நடுவில் லைற் வைத்த, பார்வைக்கு மரம் போலவே இருக்கும் இறக்கைகள் கொண்ட ஒரு ஃபான். குடிபூரலுக்குப் பூட்டியது. அந்த இறக்கை உண்மையில் மரம் இல்லை, மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை. அது ஈரலிப்பை உறிஞ்சி ஊதும். மாரி முடிந்து பார்த்தால் ஓரத்தில் ஒட்டியிருந்த மெல்லிய தாள் கிளம்பி, நுனிகள் கீழே தொய்ந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தொய்ந்ததால் ஃபான் முழுவதும் ஆடத் தொடங்கியது. பூட்ட வந்த வயரிங் அண்ணை முதல் நாளே சொன்னவர்: "கூரை கிடக்குதெண்டு போட்டு இது உள்வீடு ஆகாது, தங்கச்சி." வெளி ஃபானைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்ததாகத் தகர இறக்கை வைத்த சாதாரண ஃபான் ஒன்று வந்தது. அதன் இறக்கை தொய்யவில்லை. ஆனால் மோட்டருக்கு மேலே காற்றுப் போவதற்கு விட்டிருந்த ஓட்டைகள் வழியாக ஈரமும் புழுதியும் சேர்ந்து இறங்கின. பேரிங் கறள் பிடித்து, இரவில் கிறீச்சிடும் சத்தம் அறைக்குள் படுத்திருந்தவர்களை எழுப்பியது. வேகமும் விழுந்துகொண்டே வந்தது. அது கப்பாசிற்றர் பழுதாவதன் அடையாளம். 2.5 மைக்ரோபரட் என்று போட்ட அந்தச் சின்னப் பெட்டியை மாற்றினால் வேகம் திரும்ப வரும், விலையும் அதிகமில்லை. ஆனால் பேரிங் போனால் மோட்டரைப் பிரிக்கத்தான் வேண்டும்.

எதைத் தேடவேண்டும் என்ற விளக்கம் ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா மூலம்தான் வந்தது. அங்கே ஃபான்களை உலர்ந்த இடத்துக்கு, ஈரலிப்பான இடத்துக்கு, நனையும் இடத்துக்கு என்று மூன்றாகப் பிரித்து, பெட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்களாம். கூரை உள்ள, நேராக மழை விழாத இடத்துக்கு இரண்டாவது வகை போதும். மழை படுகிற இடத்துக்கு மூன்றாவது. அப்படி ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்று சின்னம்மா சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தைய ஃபானை இங்கே நேரே கொடுத்தால் எரிந்துபோகும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பொருள் கொண்டுவருவது நம் பக்கத்தில் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கனடா, அமெரிக்காவிலிருந்து ஃபான் வேண்டாம். அவுஸ்திரேலியா, லண்டன், ஐரோப்பா என்றால் வோல்ற்றேஜ் பொருந்தும். எங்களுடையது கடைசியில் மெல்பேணில் இருக்கும் மச்சான் பொதியில் போட்டு அனுப்பியது. கொழும்பிலும் விசாரித்தால் கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இங்கே வரும் பெட்டிகளில் ஈரம், நனைவு என்று எழுதியிருக்காது. ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசி, பூச்சி போன்ற திடப்பொருளுக்கு. இரண்டாவது தண்ணீருக்கு. அறை ஃபான் அநேகமாக 20, அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. 44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 55 என்றால் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும், உள்ளே போய்க் கெடுதி செய்யும் அளவுக்குத் தூசியையும் விடாது. எங்களுடையது 44.

அந்த 44 எங்களுக்கு என்னென்ன செய்தது என்று பார்க்கலாம். ஐப்பசியில் மழை பிடித்தால் வாடைக்காற்று அதைச் சாய்த்துத்தான் அடிக்கும். தூவானம் பத்தியின் பாதிவரை வரும். கதிரைகளைச் சுவரோரம் இழுத்துவிடலாம், ஃபானை எங்கே இழுப்பது? நனைந்தபடிதான் நிற்கும். பிறகு தையில் விடியப்புறம் பனி. மழையே இல்லாத நாளிலும் காலையில் இறக்கையைத் தொட்டால் கை ஈரமாகும். மூன்றாவது, குரங்கு. எங்களுடையது ஓட்டுப் பத்தி. குரங்குக் கூட்டம் ஒருதரம் பாய்ந்து போனால் எங்கேயாவது ஒரு ஓடு விலகும். ஒருமுறை சரியாக ஃபானுக்கு மேலேயே விலகி, ஒழுகிய தண்ணீர் தடி வழியாக நேரே மோட்டருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை விட்ட மூடி உள்ள பழைய ஃபான் என்றால் அன்றோடு அதன் கதை முடிந்திருக்கும். இது மூடிய உடம்பு என்பதால் தண்ணீர் மேலால் வழிந்து கீழே சொட்டியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தடியைச் சுற்றி மேல் கிண்ணத்துக்கு மேலே ஒரு ரப்பர் வளையம் போட்டுச் சிலிக்கோன் பூசிவிட்டோம். ஓட்டுப் பத்தி உள்ள யாரும் பூட்டும்போதே இதைச் செய்துவிடலாம்.

தண்ணீர் மாரிக்கு மட்டும்தான், புழுதி வருடம் முழுக்க. கிரவல் ஒழுங்கையில் ஒரு உழவு இயந்திரம் போனால் போதும். அந்தச் செம்மண் தூள் பனி ஈரத்தோடு சேர்ந்து, காற்றை வெட்டிப்போகும் இறக்கை விளிம்பில் கறுத்த பசையாகப் படியும். விரலால் வழித்தால் களிமண் போலவே திரளும். அது ஒரு இறக்கையில் கூடவும் ஒன்றில் குறையவும் படிந்தால் ஃபான் ஆடும், காற்றும் குறையும். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மேலால் மாட்டி இழுத்தால் அழுக்கு முழுவதும் உறைக்குள்ளேயே விழும், கீழே கொட்டாது. மேல் கிண்ணத்துக்குள் குளவி மண்கூடு கட்டும், அதையும் அப்போதே தட்டிவிடவேண்டும். வன்னிப் புழுதியைப் பார்த்தபின் இப்போது யாராவது கேட்டால் 55 கிடைக்குமானால் அதையே எடுக்கச் சொல்கிறேன்.

இறக்கையைப் பொறுத்தவரை ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக்தான் இங்கே பொருத்தம். ஊதாது, கறள் பிடிக்காது. எங்களுடையதில் வெயில் படும் பக்கம் நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, வளைவு எதுவும் இல்லை. அலுமினியமும் நல்லது. சாதாரண இரும்புத் தகடு என்றால் திருகாணி போட்ட இடத்தில் பெயின்ற் கிளம்பி அங்கிருந்து கறள் தொடங்கும்.

காற்றுக் கணக்கும் அறைக்குள் மாதிரி இல்லை. அறையில் ஃபான் தள்ளும் காற்று சுவரில் பட்டுத் திரும்பி வரும். திறந்த பத்தியில் அது முற்றத்துக்குப் போய்விடும். ஆகவே ஆட்கள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தொங்கவேண்டும். நீளமான பத்திக்கு நடுவில் ஒரு பெரிய ஃபானைவிட இரண்டு சின்ன ஃபான் நல்லது. நாங்கள் எடுத்தது 1400 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 56 அங்குலம். வழக்கமான 48 அங்குலத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே கதிரை வட்டம் முழுவதற்கும் காற்று வருகிறது. மாலையில் நுளம்புக்கும் இது உதவுகிறது. நுளம்பு பறப்பதில் பலமில்லாத பூச்சி, ஃபான் காற்றை எதிர்த்து வந்து இருக்க அதால் முடியாது. ஆனால் மேசைக்குக் கீழே காற்றுப் போகாது, அங்கே கால்களைக் கடிக்கும்.

தகரப் பத்தி என்றால் உயரத்தில் கவனம் வேண்டும். வெயில் ஏறத் தகரத்துக்குக் கீழே சூடான காற்று தங்கி நிற்கும். ஃபானை அதோடு ஒட்டிப் பூட்டினால் அந்த அனலை அப்படியே எடுத்துத் தலையில் இறக்கும். "ஃபான் போட்டால்தான் கூட வேகுது" என்று சனம் சொல்வது இதனால்தான். தடியை நீட்டி, இறக்கையைத் தரையிலிருந்து எட்டு, எட்டரை அடிக்கு இறக்கிவிடவேண்டும். ஏழடிக்குக் கீழே போகவே கூடாது, கையை உயர்த்தினால் படும். பக்கத்து வீட்டில் தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பியிருக்கிறார்கள். அங்கே ஃபான் காற்று குளிர்ச்சியாக இறங்குவதை நின்றாலே உணரலாம். அதேவேளை தடி அளவுக்கு மிஞ்சி நீண்டாலும் சோளகக் காலத்தில் தொல்லை. வைகாசிக்குப் பிறகு பகலில் ஃபானே தேவைப்படாது. நிறுத்தி வைத்த ஃபானையே காற்று சுற்றும், தடி நீளமென்றால் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

மோட்டர் பி.எல்.டி.சி. வகை, அதாவது பிறஷ் இல்லாமல் நேரோட்ட மின்சாரத்தில் ஓடுவது. எங்களுக்கு மிகப் பிடித்த விசயம் இதன் மின்கணக்கு. சாதாரண ஃபான் முழு வேகத்தில் 75 வாட் அளவு எடுக்கும், இது 30 வாட் அளவு. நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு அது 22.5 அலகு, இது 9 அலகு. 2022 ஓகஸ்ற்றில் கட்டணம் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியபோது இந்த வித்தியாசத்தின் பெறுமதி தெரிந்தது. நம் பட்டியல் படிப்படியாக ஏறும் முறை. மாதம் 60 அலகைத் தாண்டினால் தொடக்க அலகுகளுக்கே வேறு விலை. அந்த எல்லையில் நிற்கும் சின்னக் குடும்பத்துக்கு ஒரு ஃபான் மிச்சம்பிடிக்கும் 13 அலகு பெரிய உதவி. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டியபோது, பற்றறியில் சாதாரண ஃபானைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடியது. ஊர்க்கோடியில் பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்கும்போதும் வேகம் குறைவதில்லை.

குறையையும் சொல்லவேண்டும். இந்த மோட்டர் ஒரு எலக்றோனிக் போட்டில் (மின்சுற்றுப் பலகையில்) ஓடுகிறது. ஐப்பசி இடிமுழக்கத்தில் ஒருமுறை அந்தப் போட் போய்விட்டது. சாதாரண மோட்டர் என்றால் கிளிநொச்சி ரவுணில் கம்பி சுற்றிக் கொடுப்பார்கள். இதைப் பழுதுபார்க்க அங்கே ஆளில்லை. புதுப் போட் மெல்பேணிலிருந்து வரும்வரை ஃபான் சும்மா தொங்கியது, வெக்கை முழுவதையும் அம்மா பனையோலை விசிறியோடுதான் கழித்தா. இப்போது இடி கேட்டவுடன் ஃபானின் பிரேக்கரை இறக்கிவிடுகிறோம். வாங்கும்போதே ஒரு உதிரிப் போட்டும் ஒரு றிமோட்டும் சேர்த்து எடுப்பது கட்டாயம் என்பேன்.

கடற்கரைப் பக்கம் வேறு கதை. முல்லைத்தீவில் அக்கா வீட்டுப் பத்தியில் மழை எட்டாத மூலையில் தொங்கும் ஃபானின் திருகாணிகள்கூடக் கறளில் இறுகி, கழற்றப்போனால் தலை உடைகிறது. காற்றில் வரும் உப்புக்கு நேராக மழை தேவையில்லை. அங்கே 316 தர எவர்சில்வர் திருகாணி, பூச்சு நன்றாக ஏறிய உடம்பு, பிளாஸ்ரிக் இறக்கை, இந்த மூன்றும் வேண்டும். அத்தான் கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறார். அதற்குப் பிறகு கறள் பரவுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

பூட்டும்போது கொழுக்கியைச் சிலாகையிலோ தகரம் தாங்கும் மெல்லிய குழாயிலோ மாட்ட விடாதீர்கள். பனை வளையில் முழுக்கத் துளைத்து ஆணிமுரை போட்டு, கூடவே பாதுகாப்புக் கம்பியும் கட்டவேண்டும். நனையக்கூடிய இடம் என்பதால் எர்த் வயரும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் ஈரக்காலோடு நிற்கும் இடம் அது.

வெளிப்புற ஃபானுக்குக் காசு போதாதவர்கள் அலுமினிய இறக்கையும் மூடிய மோட்டரும் உள்ள சாதாரண ஃபானை எடுத்து, தூவானம் எட்டாத உள்பக்கமாகத் தள்ளிப் பூட்டலாம். பேரிங்கை ஒருதரம் மாற்றவேண்டி வரும். அப்போது இரும்பு மூடி போட்ட இசட்.இசட். வகை வேண்டாம், ரப்பர் மூடி போட்ட 2ஆர்.எஸ். வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரத்துக்கு அதுதான் நிற்கும்.