சிவப்பு எழுத்தில் வந்த ரத்தப் பரிசோதனை அறிக்கை

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் சென்று, மறுநாள் காலைக்குள் அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். ரத்தம் எடுக்க வந்த பெண் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒரே குத்தில் வேலையை முடித்தார். என் மனக்குறையெல்லாம் அறிக்கையோடு இணைத்து அனுப்பும் ‘எளிய விளக்கம்’ என்ற பகுதியைப் பற்றியதுதான்.

இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 5.9 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், விளக்கம் அதைச் சிவப்பில் போட்டு ஓர் உணவுப் பட்டியலையும் சேர்த்திருந்தது. ஆனால் அதே அறிக்கையின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 10.4, சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் எம்சிவி 71 என இரண்டும் குறைவாகவும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 92 என இயல்பாகவும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக வரக்கூடும் என்பதை விளக்கம் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணையும் அதன் வரம்போடு தனியே ஒப்பிட்டு நிறம் பூசியதோடு சரி. (வரம்பு என்பதே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவைக் கொண்டு வகுக்கப்படுவதால், அறுபது அளவுகள் பார்த்தால் இரண்டு மூன்று சிவப்பாக வருவது இயல்புதான்.)

பொட்டாசியம் 5.8 என்று பார்த்ததும் பதறிப்போனேன். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்று தெரிந்தவர்கள், தாமாகவே மறுபடி ரத்தம் எடுத்திருக்க வேண்டாமா? நான் கேட்ட பிறகே எடுத்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. அம்முறை 4.3, இயல்பான அளவு.

உண்மையில் உதவியது, தொகுப்பிலேயே அடங்கியிருந்தும் செயலியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த மருத்துவரின் தொலைபேசி ஆலோசனை. எண்களுக்குப் போகுமுன் களைப்பு, மூச்சிரைப்பு, மாதவிலக்கின் போக்கு ஆகியவற்றை விசாரித்துவிட்டு, உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். அது 8 என்று மிகக் குறைவாக வரவே, குடும்ப மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருக்கிறேன். ரத்தசோகை சரியான பிறகு எச்பிஏ1சியை மறுபடி பார்ப்பதாக முடிவு. அதற்கும் இதே கூடத்துக்குத்தான் ரத்தம் கொடுப்பேன், ஆனால் அந்த வண்ண விளக்கத்தைத் திறக்க மாட்டேன்.