விசர் ஊசி, கூட்டு ஊசி, எலிக்காய்ச்சல் ஊசி: மட்டக்களப்பில் ஒரு நாய்க்கு எது வேண்டும்?

"நாய்க்கு ஊசி போட்டாச்சா?" என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் "ஓம், போட்டாச்சு" என்பார்கள். என்ன ஊசி என்று கேட்டால் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் அது சுகாதாரப் பகுதியினர் சந்தியடியிலும் கோயிலடியிலும் வந்து நின்று இலவசமாகப் போடும் விசர்நோய் ஊசியாக இருக்கும். மிருக வைத்தியரிடம் காசு கொடுத்துப் போடும், பல நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியான கூட்டு ஊசி வேறு. அதிலும் எலிக்காய்ச்சல் சேர்ந்தது, சேராதது என்று இரண்டு உண்டு. ஒன்று போட்டால் மற்றது தேவையில்லை என்ற நினைப்பில் எங்கள் ஊரில் நிறையக் குட்டிகள் செத்துப் போகின்றன.

இலவச ஊசியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. விசர்நோய் கண்ட பிறகு மனிதனும் பிழைப்பதில்லை, நாயும் பிழைப்பதில்லை. ஒரு பகுதியில் நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி ஏறினால்தான் அங்கே நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே உங்கள் நாய்க்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் காக்கிறது. குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் குட்டிகளை வாந்தியிலும் இரத்தக் கழிச்சலிலும் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோயை விசர் ஊசி தடுக்காது. நாய்களுக்கு வரும் இன்னொரு கொடிய வைரஸ் நோயான டிஸ்டெம்பரையும் தடுக்காது. எங்கள் வீட்டுக் கறுப்பன் விடயத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். ஆறு கிழமைக் குட்டியாக வந்தவனுக்கு உடனே ஒரு கூட்டு ஊசி போட்டோம். அட்டையில் அடுத்த திகதி எழுதியிருந்தது. அறுவடை நேரம், போகவில்லை. ஒரு ஊசி போட்டதுதானே என்று இருந்துவிட்டோம். பத்தாவது கிழமையில் சத்தி, பிறகு இரத்தமாகக் கழிச்சல். மூன்று நாளில் முடிந்தது. கடைசி வரைக்கும் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான், குடிக்க முடியவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தாயின் சீம்பாலோடு குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியும் வருகிறது. அது உடம்பில் இருக்கும் மட்டும் ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எப்போது அது தீரும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை தாண்டும் வரை போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசிதான் முக்கியம். கையில் ஒரு கூட்டு ஊசிக்கு மட்டுமே காசு இருந்தால் அதை 16 கிழமைக்குப் பிறகு போடுங்கள் என்று உலகச் சிறுபிராணி மிருக வைத்தியச் சங்கமும் சொல்கிறது. அதுவரை குட்டியை வளவை விட்டு வெளியே விடக்கூடாது. நாங்கள் செய்தது நேர்மாறு.

அடுத்தது எலிக்காய்ச்சல். சேராத கூட்டு ஊசி டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி, மூச்சுக்குழாய் இருமல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். கல்லடியிலோ கல்முனையிலோ மதிலுக்குள்ளே வளரும் நாய்க்கு இதுவே போதும் என்று ஒருவர் சொன்னால், அங்கேயும் எலி உண்டு என்று நினைவூட்டலாமே தவிரச் சண்டை பிடிக்க மாட்டேன். வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையில் கதை வேறு. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் நாய் எசமானோடு வயலுக்குப் போகும், வரம்பு நீரைக் குடிக்கும், எலியைப் பிடிக்கும். நோய்க்கிருமி எலியின் சிறுநீரிலிருந்து அந்தச் சேற்று நீரில்தான் கலக்கிறது. வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பதும் இந்த நோய்க்காகத்தான். நோய் கண்ட நாயின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும். அது படுப்பதோ எங்கள் வாசலில். வயல் நாய்க்கு எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசிதான் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் அதற்குச் செலவு கூட. முதலில் இரண்டு தடவை, இரண்டு முதல் நான்கு கிழமை இடைவெளியில். பிறகு வருடந்தோறும். பார்வோ, டிஸ்டெம்பர் பாதுகாப்பு அப்படியல்ல, முதல் வருட ஊசிகள் ஒழுங்காக முடிந்தால் பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும். எலிக்காய்ச்சல் ஊசி எல்லா வகைக் கிருமிக்கும் காப்பும் அல்ல, அதில் உள்ள வகைகளுக்கு மட்டுமே. சிலதில் இரண்டு வகை, சிலதில் நான்கு. இரண்டும் கிடைத்தால் நான்கை எடுங்கள்.

போத்தலில் எத்தனை கிருமிக்கு மருந்து என்று போட்டிருக்கும் ஏழு, ஒன்பது என்ற எண் கூடினால் மருந்தும் மேல் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் அந்த எண்ணைக் கூட்டுவது நாய்களின் குடல் கொரோனா. அதற்கு ஊசி தேவை என்று மேலே சொன்ன உலக மிருக வைத்தியச் சங்கமே பரிந்துரைப்பதில்லை. எண்ணை விட்டுவிட்டு எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பாமசியில் போத்தல் வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வீட்டில் போடும் வழியும் இங்கே உண்டு. மலிவுதான். ஆனால் மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்த போத்தலில் உயிர்ப்பு எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? ஐஸ் பெட்டியில் கொண்டு வந்தாலும், குட்டிக்குக் காய்ச்சல் இருக்கிறதா, பூச்சி மருந்து கொடுத்ததா என்று பார்க்க அங்கே வைத்தியர் இல்லை. ஊசி போட்டதும் முகம் வீங்கினால் என்ன செய்வது? இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது மச்சான் ஒரு குட்டி தருகிறேன் என்கிறார். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடம் வரைக்கும் கிடக்கும். சீமெந்துத் தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவிவிட்டேன். மணல் முற்றத்தை எதைக் கொண்டு கழுவுவது? அதனால் குட்டி இப்போதைக்கு அவர் வீட்டிலேயே வளர்கிறது. 16 கிழமை ஊசி முடிந்து இரண்டு கிழமை கழித்துத்தான் கொண்டுவரப் போகிறேன். இந்தத் தடவை திகதிகளை அட்டையோடு விடாமல் கலண்டரிலும் எழுதி வைத்திருக்கிறேன்.