வெட்டாத மச்சத்துக்கு மார்க் இல்லை: ஒரு டெர்மட்டோஸ்கோப்பும் ஏழு வருடமும்

ஐந்து வாரம் கழித்து என் டெர்மட்டோஸ்கோப், மச்சத்தையும் தோலையும் பெரிதாக்கிப் பார்க்கும் கைக்கருவி, ரிப்பேரிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றும் துளையை மூடும் ரப்பர் போன வருடமே பிய்ந்துவிட்டது. அது வழியாக, பார்க்கும்முன் தோலில் தடவும் ஜெல் உள்ளே இறங்கி, ஒரு திங்கட்கிழமை காலை விளக்கு எரியவில்லை. ரிப்பேர் கூலியைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. அதே வாரத்தில் கல்லூரி ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் வந்தாள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ளடங்கிய ஊர் ஒன்றில் என்னைப் போலவே ஜி.பி. (பொது மருத்துவர்) வேலைக்குச் சேரப்போகிறாள். “அக்கா, எந்த மாடல் வாங்கலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

“மாடல்ல ஒண்ணும் இல்ல, அப்புறம் எழுதுறேன்” என்று பதில் போட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு, போலரைஸ்டு (ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய) வெளிச்சத்துக்கும் சாதா வெளிச்சத்துக்கும் மாற்ற ஒரு பட்டன். தோலின் மேல்பளபளப்பை அடக்கினால் உள்ளே இருக்கும் நிறமும் ரத்தக்குழாயும் கண்ணுக்குத் தெரியும். தத்துவம் அவ்வளவே. என்னுடையதில் ஆன் பண்ணும் பட்டனும் வெளிச்சம் மாற்றும் பட்டனும் ஒரே பக்கம் ஒட்டியபடி இருக்கின்றன. கையுறை போட்ட கட்டைவிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏழு வருடமாக, முக்கியமான நேரத்தில் எல்லாம் விளக்கை அணைத்துத் தொலைக்கிறேன்.

ஆனால் அந்த வெளிச்சம் மாற்றும் பட்டன்தான் இந்தக் கருவியின் ஜீவன் என்பதையும் சொல்ல வேண்டும். வயசாளிகளின் முதுகில் மெழுகு ஒட்டியது போல ஆபத்தில்லாமல் வருமே, செபொரிக் கெரட்டோசிஸ், அதைச் சாதா வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டு வானத்தில் நட்சத்திரம் போல வெள்ளைப் புள்ளிகள் மின்னும். போலரைஸ்டுக்கு மாற்றினால் அவை மங்கிவிடும். மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றிலும், மெதுவாக வளரும் பேசல் செல் புற்றிலும் சில நேரம் வரும் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளோ இதற்கு நேர் எதிர். போலரைஸ்டு வெளிச்சத்தில் மட்டும்தான் காட்சி தருவார்கள். தட்டித் தட்டி மாற்றிப் பார்க்கும்போது ஒன்று மறைந்து ஒன்று தோன்றுவதில் எனக்கு இன்னமும் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். சொறிக்கும் இதுவே கருவி. தோலுக்குள் சுரங்கம் போட்டுப் போன பூச்சியின் தலை, ஆகாயத்தில் புகை விட்டுப் போகும் ஜெட் விமானம் மாதிரி சின்ன முக்கோணமாகத் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

இனி படிப்பு. எரிச்சலெல்லாம் இங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. மெலனோமாவில் குவீன்ஸ்லாந்துதான் நாட்டிலேயே முன்னால். எங்கள் ஊரிலிருந்து தோல் நிபுணர் இருக்கும் நகரத்துக்கு நாலு மணி நேரக் கார்ப் பயணம், அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கு. ஆகையால் பார்ப்பது, சந்தேகப்படுவது, வெட்டுவது, தைப்பது எல்லாமே ஜி.பி. தலையில். நான் ஊரில் எம்.பி.பி.எஸ். படித்தபோது தோல் பிரிவில் படர்தாமரையும் சொறியும் தொழுநோயும் பார்த்தோம். மெலனோமா புத்தகத்தில் ஒரு படம், தேர்வில் இரண்டு மதிப்பெண். இங்கே வந்து முதல் மாதத்திலேயே ஒரு கரும்பு விவசாயி சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். முதுகில் நூறு மச்சம். எதைப் பார்ப்பது?

பிரிஸ்பேனில் டெர்மட்டோஸ்கோப் பழக ஒரு வார இறுதி கோர்ஸுக்குப் போனேன். நேர்மையாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்த முறை நல்ல முறை. வியன்னாவின் ஹரால்ட் கிட்லரும் இங்கே குவீன்ஸ்லாந்தின் கிளிஃப் ரோசன்டாலும் ஆலன் கேமரனும், மருத்துவர்கள் மூவர், வகுத்த ‘கேயாஸ் அண்டு க்ளூஸ்’, அதாவது குழப்பமும் துப்பும். முதலில் குழப்பம் இருக்கிறதா என்று பார். மச்சத்தின் விளிம்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே கோடும் புள்ளியும் நிறமும் பரவியிருப்பதில் சமச்சீர் இருக்கிறதா? இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அடுத்த மச்சத்துக்கு நகரலாம். இல்லையென்றால் துப்புத் தேடு. சாம்பலோ நீலமோ, ஓரத்தில் கருப்புப் புள்ளிகளோ, ஒரு பக்கம் மட்டும் விரல் நீட்டினாற்போல வெளியே ஓடும் கோடுகளோ... இப்படி ஒரு பட்டியல். ஒன்று கிடைத்தாலும் பயாப்சி, அதாவது வெட்டியெடுத்துச் சோதனை. 1994-இல் வந்த, மச்சத்துக்கு மதிப்பெண் போடும் ஷ்டோல்ஸின் ஏ.பி.சி.டி. விதியோடு ஒப்பிட்டால் இது வரம். அதில் சமச்சீரின்மையை 1.3-ஆல் பெருக்கு, விளிம்பை 0.1-ஆல் பெருக்கு, இப்படி எல்லாவற்றையும் கூட்டியது 5.45-ஐத் தாண்டினால் மெலனோமா என்று பலமாகச் சந்தேகி. சட்டையில்லாமல் குளிரில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க நாம் கால்குலேட்டர் தேட வேண்டும்.

இரண்டு நாளும் திரையில் படம், கையில் ரிமோட். அமுக்கினால் இரண்டு விநாடியில் விடை. ஞாயிற்றுக்கிழமை மாலை 40-க்கு 34 வாங்கினேன். காரில் திரும்பி வரும்போது சாமியே வந்து மச்சத்தைக் காட்டினாலும் சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு.

அடுத்த மாதம் பதினொரு மச்சம் வெட்டினேன். பதினொன்றும் சாது, ஒன்றிலும் புற்று இல்லை. அந்தக் கரும்பு விவசாயி நாலாவது தையலின்போது, “டாக்டர், எனக்கும் கொஞ்சம் தோல் மிச்சம் வையுங்கள்” என்றார். கோர்ஸில் பாதிப் படங்கள் மெலனோமா. என் கிளினிக்கில் முக்கால்வாசி செபொரிக் கெரட்டோசிஸ், மிச்சம் சாதா மச்சம், நடுவில் எப்போதாவது ஒன்று. பாதிக்குப் பாதி பழகிய கண் நூற்றில் ஒன்றைத் தேடும்போது எல்லாவற்றிலும் பேயைப் பார்க்கும். இதை அவர்கள் சொல்லவே இல்லையா என்றால், சொன்னார்கள். ஒரு ஸ்லைடில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

அங்கே பெருமையாக ஒரு ஆய்வைக் காட்டினார்கள். 2006-இல் அர்ஜென்சியானோ குழுவினர் வெளியிட்டது. 73 ஜி.பி.க்களுக்கு ஒரே நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பாதியை வெறும் கண்ணாலும் மறு பாதியை டெர்மட்டோஸ்கோப்போடும் பார்க்க விட்டார்கள். புற்றுநோயைச் சரியாகச் சந்தேகித்தது வெறும் கண்ணுக்கு 54 சதவீதம், கருவிக்கு 79. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கருவி இருந்தும் ஐந்தில் ஒன்று தப்பியது என்பதும் அதே கணக்குத்தானே? அதைப் பற்றி மூச்சு இல்லை. 2002-இல் கிட்லர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னது இன்னும் கறாரானது. பழகிய கைக்குத்தான் டெர்மட்டோஸ்கோப் பலன் தரும். பயிற்சி இல்லாதவர் கையில் வெறும் கண்ணை விட ஒன்றும் உசத்தியில்லை. ஆயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கிய பிறகு இதைப் படித்தேன்.

சரி, பழக்கம் எப்படி வரும்? செய்ததற்கு விடை தெரிந்தால்தான் வரும். என் தீராத எரிச்சல் இதுதான். வெட்டினால் பத்து நாளில் பேத்தாலஜி (துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வரும், தப்பா சரியா தெரியும். ஒரு நாளைக்கு முப்பது மச்சம் பார்த்து, ஒன்றை வெட்டி, இருபத்தொன்பதை “ஒன்றுமில்லை” என்று அனுப்புகிறேனே, அந்த இருபத்தொன்பதுக்கு யார் மார்க் போடுவார்? சந்தேகமானதைப் படம் எடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும் முறை இருக்கிறது, மாறியிருந்தால் வெட்டிவிட வேண்டும். நல்ல முறை. ஆனால் மூன்று மாதத்தில் கரும்பு வெட்டு வந்துவிடும், இல்லை வெள்ளம் வந்து ரோடு போய்விடும், இல்லை ஆள் மீன்பிடிக்கப் போயிருப்பார். திரும்பி வருகிறவர் பாதி. வராத பாதி ராத்திரி இரண்டு மணிக்கு நினைவுக்கு வரும்.

எனக்குக் கம்ப்யூட்டர் மேல்கூடப் பொறாமை. தோல் புற்றைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குப் பழக்க 2018-இல் வெளிவந்த ஹாம்10000 என்ற படத்தொகுப்பு வியன்னாவிலிருந்தும் ரோசன்டாலின் குவீன்ஸ்லாந்து கிளினிக்கிலிருந்தும் சேர்த்தது. மொத்தம் 10,015 படம். பாதிக்கு மேல் பேத்தாலஜி விடையோடு, மற்றவற்றில் தொடர்ந்து கவனித்து மாறவில்லை என்று உறுதி செய்தவையும் உண்டு. வெட்டாததற்கும் விடை! மெஷினுக்கு அவ்வளவு சீர் செய்து பாடம் நடத்துகிறார்கள். எனக்கு வந்தது ஒரு சான்றிதழும் பெயர் பொறித்த பேனாவும்.

கடைசியில் நானே ஒரு நோட்டுப் போட்டேன். ரிப்போர்ட் வருவதற்கு முன் என் கணிப்பை எழுதிவிடுவது, எந்தத் துப்பைப் பார்த்தேன் என்பதோடு. பின்னால் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் எழுதுவது. முதல் வருட நோட்டைப் பார்க்க இப்போது கூச்சமாக இருக்கிறது, ‘நீலம் மாதிரி’ என்று இருபது இடத்தில் எழுதியிருக்கிறேன். பேத்தாலஜிஸ்ட் ஒருவர் போனில் சொன்ன ஒரு விஷயம் கோர்ஸ் மொத்தத்துக்கும் சமம்: “வெறும் ‘மச்சம், முதுகு’ன்னு எழுதி அனுப்பாதீங்க. டெர்மட்டோஸ்கோப் படத்தை வையுங்க, எந்த ஓரம் உங்களை உறுத்துச்சோ அதுல குறி போடுங்க. நான் முழு மச்சத்தையும் பார்க்கறதில்ல, வெட்டின சில துண்டோட முகத்தைத்தான் பார்க்கிறேன்.” அதற்கப்புறம் என் ரிப்போர்ட்டுகளின் தரமே மாறியது.

இன்னொரு கோபமும் உண்டு, இது நம்மவர்களுக்காக. இரண்டு நாளில் காட்டிய தோலெல்லாம் வெள்ளைத் தோல். உள்ளங்கை, உள்ளங்காலுக்கு மொத்தம் கால் மணி நேரம். நம் மாதிரி நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா வருவது அபூர்வம். ஆனால் வந்தால் பாதத்திலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். 1981-இல் பாப் மார்லி இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கருந்தடம். “சின்ன வயசுலேருந்து இருக்குடி, செருப்பில்லாம நடந்த காலு” என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஜெல் தடவி வைத்துப் பார்த்தேன். உள்ளங்காலில் விரல்ரேகை போல வரப்பும் பள்ளமும் ஓடும், வியர்வைத் துளைகள் வரப்பின் மேல் முத்துக் கோத்தாற்போல வரிசையாக இருக்கும். நிறம் பள்ளத்தில் மெல்லிய கோடாக ஓடினால் பெரும்பாலும் சாது. வரப்பில் பட்டையாகப் படர்ந்து, அதன் நடுவே வெள்ளைத் துளைகள் தெரிந்தால் வயிற்றைக் கலக்க வேண்டிய விஷயம். அம்மாவுக்குப் பள்ளத்தில். இரண்டு கோட்டுக்கு நடுவே வெற்று வரப்பில் துளைகள் சுத்தமாக மின்னின. அந்த ஒரு நிமிடத்துக்காக இந்தக் கருவியின் விலையை இன்னொரு முறை கொடுப்பேன். அதைக் கற்றுக்கொடுத்தது அந்தக் கால் மணி நேரம் என்பதையும் மறைக்கக் கூடாது.

ரிப்பேர் நடந்த ஐந்து வாரமும் கிளினிக்கில் கிடந்த பழைய டெர்மட்டோஸ்கோப்போடு ஓட்டினேன். போலரைஸ்டு வெளிச்சம் கிடையாது, எண்ணெயோ சானிடைசரோ தடவித் தோலில் ஒட்ட வைத்தால்தான் தெரியும். ஒரு பாட்டியின் மூக்கில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. எதற்கும் இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன். அதற்குள் என்னுடையது வந்துவிட்டது. தோலைத் தொடாமல் போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தால், கிளை விரித்த மரம் போலப் பளிச்சென்ற ரத்தக்குழாய்கள். பேசல் செல். ‘பார்த்தாயா, பழைய சனியனின் லட்சணத்தை’ என்று திட்டிவிட்டு யோசித்தால், குற்றம் அதன் மேல் இல்லை. நான் அழுத்திப் பிடித்திருக்கிறேன். அழுத்தினால் குழாயில் ரத்தம் வடிந்து மறைந்துவிடும், சிவப்புத் திட்டென்றால் ஜெல்லை மெத்தையாக வைத்துப் பட்டும் படாமலும் பார்க்க வேண்டும். கோர்ஸில் சனிக்கிழமை காலை சொன்ன பாடம். என் கையெழுத்திலேயே நோட்டில் இருக்கிறது.

ஆக, ஜூனியர் அம்மாளே, கோர்ஸுக்கு என் மார்க் ஐந்துக்கு இரண்டு. கருவிக்கு நாலரை, பட்டனுக்காக அரை குறைத்தேன். ஆனாலும் கருவியை இப்போது வாங்காதே, முதலில் அந்தக் கோர்ஸுக்குப் போ. நானும் அதன் அடுத்த கட்டத்துக்கு நேற்றுப் பணம் கட்டிவிட்டேன். அதுவரைக்கும் உன் கிளினிக்கில் எந்தப் பழைய டெர்மட்டோஸ்கோப் கிடக்கிறதோ அதை எடுத்து, ஒரு நாளைக்குப் பத்து செபொரிக் கெரட்டோசிஸ் பார். மாடல் எதுவானாலும் போலரைஸ்டும் சாதாவும் இரண்டும் இருக்க வேண்டும், பட்டன்கள் இரண்டு பக்கம் இருக்க வேண்டும், சார்ஜ் துளைக்கு மூடி கெட்டியாக இருக்க வேண்டும்.

என்னுடையதை மட்டும் இரவல் கேட்காதே. ஐந்து வாரம் போதும்.